அழுகலுக்கு எதற்குத் தையல்?

கோட்டு சூட்டு தைக்கும் கடையில் அவரை நேரில் கட்டிங் மாஸ்டர் என்பார்கள், முதுகுக்குப் பின்னால் 'அரை இஞ்சு' என்பார்கள். யாருக்கு எந்த அளவு எடுத்தாலும் உள்தையலில் அரை இஞ்சு துணி கூடுதலாக விட்டுத்தான் வெட்டுவார். "மனுஷன் இன்னைக்கு இருக்கற மாதிரியேவா இருப்பான்? நாலு சுத்து பெருத்தா பிரிச்சு விட வேண்டாமா?" என்று கேட்பார். இருபத்தெட்டு வருஷத்தில் அவர் கத்திரி பட்டு ஒரு துணிகூட வீணானதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு.

அந்த அரை இஞ்சைக் கடையிலேயே விட்டுவிட்டு வரத் தெரியாத மனுஷர். பத்து மணி ரயிலுக்கு எட்டு மணிக்கே போய் நிற்பார். இரண்டு பேருக்கு டீ போடச் சொன்னால் மூன்றரை டம்ளர் போடுவார். ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப் போடும் நர்சான அவர் மனைவி, மிச்ச ஒன்றரை டம்ளரையும் குடித்துக் குடித்தே தனக்குத் தூக்கம் போய்விட்டது என்பார்.

இப்படிப்பட்டவர் ஒரு கண்காட்சியில் ஒரு செடியிடம் மனதைப் பறிகொடுத்தார். அதற்கு நகை ஆர்க்கிட் என்று பெயராம். கறுப்பும் சிவப்பும் கலந்த இலை, தொட்டால் வெல்வெட். அதில் நரம்புக்கு நரம்பு செம்பு இழை ஓடியது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, விரலால் தடவிப் பார்த்து, "இது நெசவுலயே வந்ததா, மேல தைச்சதா?" என்று விற்ற அம்மாவிடம் கேட்டார்.

"இலைங்க அது," என்றார் அந்த அம்மா.

வாங்கி வந்தது விரல் நீளத் துண்டுதான். வெயில் நேராக விழாத ஜன்னல் ஓரத்தில், ஆழமில்லாத தொட்டியில், மரப்பட்டைத் துண்டும் கரியும் பாசியும் கலந்து நட்டார். மூன்று வருஷத்தில் பதினோரு இலை. வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் தவறாமல், "பூ எப்ப விடும்?" என்று கேட்டார்கள். அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "கோட்டைக் காட்டினா பொத்தானைப் பத்திக் கேக்கறாங்க பாரு," என்று உள்ளே போய் மனைவியிடம் பொருமுவார்.

பாசி காய்ந்த பிறகு அரை டம்ளர் தண்ணீர் என்பது அந்த அம்மா சொன்ன கணக்கு. மாஸ்டர் ஒரு டம்ளர் ஊற்றினார். நடுவில் தாகம் எடுத்தால் என்ன செய்யும், பாவம்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பார்த்தால் தண்டின் அடிப்பாகம் பழுப்பேறி, விரல் வைத்ததும் கொழகொழவென்று அமுங்கியது. அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மனைவி வந்து குனிந்து பார்த்தார்.

"அழுகல்ங்க. மேல ஏறிக்கிட்டு இருக்கு. அதை வெட்டி எடுத்துட்டு நல்ல தண்டைத் திரும்ப நடுங்க. இல்லன்னா ஒண்ணும் தேறாது."

வெட்டுவதற்கு இவருக்கா சொல்லித்தர வேண்டும்? கத்தியைத் துடைத்தார், ஒரே இழுப்பில் வெட்டினார், ஒரு நாள் உலரவிட்டுப் புதுப் பாசியில் நட்டார். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் பழுப்பு இன்னும் மேலே ஏறியிருந்தது. திரும்ப வெட்டினார். திரும்ப ஏறியது. பதினோரு இலையில் மூன்றுதான் மிச்சம்.

மனைவிக்குச் சந்தேகம் வந்தது. "எங்க வெட்டறீங்கன்னு காட்டுங்க."

"இதோ, பழுப்பு இங்க முடியுதா? அதுக்கு அரை இஞ்சு கீழ."

"கீழன்னா அழுகல்லயா?"

"ஆமா. நல்ல தண்டுல கத்தி படக்கூடாதுல்ல. கொஞ்சம் விட்டு..."

சொல்லும்போதே அவருக்கு உறைத்துவிட்டது. மனைவி வாயைப் பொத்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். "அழுகலுக்கு எதுக்குங்க தையல்? அதை யாருக்குப் பிரிச்சு விடப் போறீங்க?"

மாஸ்டர் சிரிக்கவில்லை. மூன்று இலையையும் பார்த்தபடி நின்றார். அதைக் கண்டதும் மனைவியின் சிரிப்பும் நின்றது.

"நான் வெட்டட்டுமா?"

"வேண்டாம். நானே கெடுத்தது. நானே பாக்கறேன்."

"அப்படின்னா ஒண்ணு சொல்றேன். புண்ணுல கெட்டது ஒரு நூல் நின்னாலும் நல்லதையும் தின்னுடும். நாங்க நல்ல சதையிலயும் கொஞ்சம் சேர்த்துத்தான் எடுப்போம். உங்க அரை இஞ்சை அந்தப் பக்கம் விடுங்க."

அந்தப் பக்கத்தில் ஓர் இலை இருந்தது. இருப்பதிலேயே பெரியது. அதையும் சேர்த்து வெட்டச் சொல்கிறாள். துணியில் குறி போடும் சாக்பீஸை எடுத்து நல்ல தண்டில் கோடு போட்டார். அதை அழித்து, கொஞ்சம் கீழே தள்ளிக் கோடு போட்டார். அதையும் அழித்துப் பழைய இடத்திலேயே போட்டார். மனைவி கொடுத்த ஸ்பிரிட்டில் கத்தியை நனைத்துத் துடைத்தார். கண்ணை மூடிக்கொள்ளலாமா என்றுகூட யோசித்தார். வெட்டினார்.

வெட்டுவாய் வெள்ளரிக்காய் மாதிரி வெளிர்பச்சையாக, ஒரு பொட்டுப் பழுப்பில்லாமல் இருந்தது. மாஸ்டருக்கு அழுகையே வந்துவிட்டது. விழுந்த இலைக்காகவா, மிச்ச இரண்டுக்காகவா என்று அவருக்கே தெரியவில்லை.

ஈரப் பாசியில் நட்டு, மேலே ஒரு கண்ணாடி டப்பாவைக் கவிழ்த்தார்கள். தண்ணீர் ஊற்றும் உரிமையை மனைவி பறித்துக்கொண்டார். மாஸ்டருக்குப் பார்க்க மட்டும்தான் அனுமதி. அவரும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். ஆறு வாரம் ஆகியும் இலை வாடவுமில்லை, வளரவுமில்லை.

"லேசா இழுத்துப் பாருங்க," என்றார் மனைவி. "வேர் பிடிச்சிருந்தா வராது."

"நீ இழுத்துப் பாரேன். எனக்குப் பயமா இருக்கு."

"உங்க செடிங்க."

டப்பாவைத் தூக்கினார். இரண்டு விரலால் தண்டைப் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு மேலே இழுத்தார். வரவில்லை. இன்னும் ஒரு நூல் அழுத்தி இழுத்தார். பாசி மொத்தமும் கூடவே எழும்பியது.

"விடமாட்டேங்குது," என்றார், தண்டைப் பிடித்த விரலை எடுக்காமலே.

"அப்ப நீங்க விடுங்க," என்றார் மனைவி.