பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகளுக்கு ஒரு பி.டி. வாத்தியார்

பி.டி. வாத்தியாருக்கு விசிலும் தொப்பியும் சொந்தம். பீரியட் மட்டும் கணக்கு டீச்சருக்குச் சொந்தம். பல வருஷம் ஒரு தனியார் பள்ளியில் என் பீரியடை இப்படித் தானம் செய்து புண்ணியம் தேடிய பிறகு, வேலையை விட்டேன். இப்போது வீட்டிலேயே படிக்கிற பிள்ளைகள், ஆன்லைன் பள்ளியில் படிக்கிற பிள்ளைகள், அதிலும் பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு சனிக்கிழமை காலையில் விளையாட்டும் பொதுச்சேவையும் நடத்துகிறேன். பெற்றோர்கள் இதை ‘எக்ஸ்ட்ரா கரிக்குலர்’ என்கிறார்கள். என் வீட்டில் இதை ‘வேலையில்லாத வேலை’ என்கிறார்கள்.

விளாங்குடியில் ஒரு நண்பரின் காலி மனைதான் எங்கள் மைதானம். வாலிபால் நெட்டின் ஒரு பக்கம் இரும்புக் கம்பம், மறுபக்கம் வேப்பமரம். பள்ளிக்கூடமே இல்லாத இடத்தில் கணக்கு டீச்சர் எங்கிருந்து வரப்போகிறார் என்று நம்பித்தான் கடையை விரித்தேன். பிள்ளைகளைக் கட்டி மேய்த்து நொந்துபோன சக வாத்தியார்களே, அந்த நம்பிக்கைக்காக நீங்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கலாம். கணக்கு டீச்சர் போனார். அவர் இடத்துக்குப் பெற்றோர் வந்தார்கள்.

பழக வந்தவர்கள்

சேரும்போது எல்லாப் பெற்றோரும் சொன்னது ஒன்றுதான். “பிள்ளை நாலு பேரோட பழகணும் சார்.” சரி, பழகட்டும் என்று முதல் சனிக்கிழமை யாருக்கும் எந்த விளையாட்டும் வைக்கவில்லை. பேசிக்கொண்டிருங்கள் என்று விட்டுவிட்டேன். பிள்ளைகள் ஆளுக்கொரு மூலையில் அவரவர் அம்மா அப்பாவின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்கள்.

பெற்றோர்களோ பிரமாதமாகப் பழகினார்கள். ஒருவர் ஊரை ஒருவர் கேட்டு, சொந்தம் கண்டுபிடித்து, பத்து நிமிஷத்தில் ‘மாப்ள’ போட்டுப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். கிளம்புவதற்குள் வாட்ஸ்அப் குழு, அழகர்கோவிலுக்கு வேன், கட்டுச்சோற்றுக்கு யார் பொறுப்பு என்பது வரை முடிவாகிவிட்டது. வேனில் இடம் பத்தாது என்று பிள்ளைகளை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவதாகவும் பேசிக்கொண்டார்கள். போகிற போக்கில் ரித்விக் என்ற பையனின் அம்மா என்னிடம் வந்து கவலையோடு சொன்னார்: “நாங்க எல்லாம் நல்லாப் பழகிட்டோம் சார். இந்தப் பிள்ளைகளத்தான் என்ன செய்யிறதுன்னு தெரியல.”

ஆறு பேர், ஆறு கேப்டன்

தேறியது ஆறு பேர். வாலிபாலுக்கு அளவெடுத்த மாதிரி சரியாக இருந்தது. பையன்களும் பெண்பிள்ளைகளும் கலந்த அணி. பேரைச் சொல்லி முடிப்பதற்குள் போன் வர ஆரம்பித்தது. வெளிநாட்டுக் கல்லூரியில் சேர ‘லீடர்ஷிப்’ கேட்கிறார்களாம். ஆகையால் தங்கள் பிள்ளைதான் கேப்டனாக இருக்க வேண்டும்.

வாலிபாலில் கேப்டன் ஒருவர்தான் என்று விளக்கினேன். அது பழைய காலத்து விதி, மாற்றக்கூடாதா என்று கேட்டார்கள். மாற்றினால் மற்ற ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள் என்றேன். ரித்விக்கின் அம்மா ஒரு தீர்வோடு வந்தார். அவர் பேங்கில் வேலை பார்த்தவர், எதற்கும் தீர்வு வைத்திருப்பார். “ஆறு பேருமே கேப்டனா இருந்துட்டுப் போகட்டும் சார், விளையாட வேணும்னா வெளிய இருந்து ஆள் போட்டுக்குங்க.”

சுத்தமான குப்பை

விளையாட்டு மட்டும் போதாது, பொதுச்சேவையும் வேண்டும் என்றார்கள். விளாங்குடி கண்மாய்க் கரையில் பாலிதீன் பொறுக்கலாம் என்று கூட்டிப்போனேன். பிள்ளைகளுக்குக் கையுறை, மாஸ்க், தொப்பி, முழங்கால் வரை பூட்ஸ் எல்லாம் போட்டு அனுப்பியிருந்தார்கள். ஏதோ அணுஉலைக்குள் இறங்குகிற மாதிரி நடந்து வந்தார்கள். இதைப் படம் பிடிக்கப் பெற்றோர்கள் ஏற்பாடு செய்த போட்டோக்காரர் மட்டும் சாதாரணமாகக் கைலியில் வந்திருந்தார்.

கரையில் கிடந்ததைப் பார்த்ததும் ரித்விக்கின் அம்மா முகம் சுளித்தார். காருக்குப் போய் ஒரு பெரிய பையை எடுத்து வந்து, அதிலிருந்த தண்ணீர் பாட்டில்கள், சிப்ஸ் கவர்களைக் கரையில் அழகாகப் பரப்பினார். என்னம்மா இது என்று பதறினேன். அவர் என்னைச் சமாதானப்படுத்தினார்: “பயப்படாதீங்க சார், எல்லாம் வீட்லயே கழுவிக் காய வச்சுக் கொண்டாந்த குப்பதான்.”

கையைத் தூக்கிய பிள்ளை

வாலிபால் ஆடியவர்களுக்குத் தெரியும். பந்து இரண்டு பேருக்கு நடுவில் வந்தால் யாராவது ஒருவர் ‘எனக்கு’ என்று கத்த வேண்டும். கத்தினவர் எடுப்பார், மற்றவர் விலகுவார். என் பிள்ளைகளுக்குக் கத்தத் தெரியாது. வருஷக்கணக்கில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, மைக்கை அணைத்து வைத்து, பேச வேண்டுமென்றால் கையைத் தூக்கிக் காத்திருந்து வளர்ந்தவர்கள்.

பந்து பறந்து வரும். ரித்விக் கையைத் தூக்குவான். அடிக்கத்தான் தூக்குகிறான் என்று நான் மகிழ்வேன். தூக்கிய கையோடு என்னைத் திரும்பிப் பார்ப்பான். பந்து அவன் காலடியில் மரியாதையாக விழும். இது ஒரு தடவை நடந்தால் சிரிக்கலாம்; சனிக்கிழமை முழுக்க நடந்தது. அன்று தொண்டை கட்டும் வரை நான் கத்தி ஓய்ந்தபோது, அவன் நிஜமாகவே வருத்தப்பட்டுச் சொன்னான்: “நான் கையத் தூக்கிக்கிட்டுத்தான் சார் இருந்தேன், நீங்கதான் என் பேரச் சொல்லல.”

செல்வராஜ் அண்ணன் வைத்த கெடு

அந்த ஆறு பேரில் பவித்ரா மட்டும் வேறு மாதிரி. பதினொன்றாவது படிக்கிறாள். அப்பா செல்வராஜுக்குப் பழங்காநத்தத்தில் ஹார்டுவேர் கடை. வீடு கடைக்கு மேலே. கொரோனா சமயத்தில் ஆன்லைன் ஆன பிள்ளை, திரும்பி ஆஃப்லைன் ஆகவேயில்லை. மார்க் நன்றாக வந்தது, ஆட்டோவில் அனுப்பி அழைக்கிற வேலை மிச்சம் என்று அவர் அப்படியே விட்டுவிட்டார். மொட்டைமாடிச் சுவரில் பந்தை அடித்து அடித்துத் தானாகவே ஆடப் பழகியவள். சுவருக்குப் பதிலாக ஆட்கள் இருக்கும் ஒரே இடம் அவளுக்கு என் காலி மனைதான். யாரோடும் அதிகம் பேச மாட்டாள், ஆனால் சனிக்கிழமைகளில் நெட் கட்டுவதற்கு முன்பே வந்து நிற்பாள். அவளைப் பார்க்கும்போதுதான் இந்த வேலையை விடாமல் இருக்கிறேனே, அது சரிதான் என்று எனக்குத் தோன்றும்.

கப்பலூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கும் பெண்களின் வாலிபால் அணியோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை மேட்ச் பேசி முடித்தேன். அதைக் கேட்டதும் செல்வராஜ் அண்ணன் நேரே வந்துவிட்டார். மகள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். அவள் காதில் விழட்டும் என்றே சொன்னார்: “இந்த மேட்ச்ல ஏதாச்சும் தேறுதான்னு பாப்பேன் சார், இல்லேன்னா சனிக்கிழமையும் கோடிங் கிளாஸ்தேன்.”

கப்பலூரில்

கம்பெனிப் பெண்கள் எங்களை நல்லபடியாக வரவேற்றார்கள். அவர்கள் கேப்டன் பாண்டியம்மா, கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் பெற்றவர், சர்வீஸ் போட்டால் பந்து வருவது தெரியாது. முதல் செட்டில் எங்கள் பிள்ளைகள் பந்து வரும்போதெல்லாம் அடக்கமாகக் கை தூக்கினார்கள். எதிர்ப்பக்கத்துப் பெண்கள் அதைப் பாராட்டு என்று நினைத்துப் பதிலுக்குக் கை தட்டினார்கள். நான் தொப்பியை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டேன். செல்வராஜ் அண்ணன் வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது செட்டில் பவித்ராவுக்கும் ரித்விக்குக்கும் நடுவில் ஒரு பந்து இறங்கியது. ரித்விக் வழக்கம்போலக் கையைத் தூக்கிக்கொண்டு என்னைத் தேடினான். “ஏய், தள்ளுடா! அது என் பந்து!” மைதானமே திரும்பிப் பார்த்தது. பவித்ரா அவனைத் தோளால் ஒதுக்கிவிட்டு அடித்தாள். பந்து அந்தப் பக்கம் யாரும் தொட முடியாத இடத்தில் விழுந்தது. அப்புறம் அவளை நிறுத்த முடியவில்லை. வா, போ, எடு, விடு என்று மற்ற ஐந்து பேரையும் ஏவினாள். சந்தைக்கடைக்காரி மாதிரி கத்தினாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தூசி என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன். அந்த செட்டையும் தோற்றோம், ஆனால் கடைசிப் பந்து வரை இழுத்துத் தோற்றோம். செல்வராஜ் அண்ணன் எழுந்து நின்றிருந்தார். “என்னத்தக் கத்தினாலும் தோத்தது தோத்ததுதான சார்” என்றார் என்னிடம். குரலில் பழைய உறுதி இல்லை, ஆனால் மனிதர் சொன்ன சொல்லை விடுகிறவரும் இல்லை. பவித்ரா ஷூ கயிற்றை அவிழ்க்கிற சாக்கில் குனிந்துகொண்டாள்.

அப்போது முகத்தைத் துடைத்தபடி பாண்டியம்மா செல்வராஜ் அண்ணனிடம் வந்தார். “அண்ணே, எங்க டீம்ல ஒருத்தி கல்யாணமாகி திருப்பூர் போயிட்டா. உங்க பிள்ள சனிக்கிழம காலைல எங்களோட வந்து ஆடட்டுமா? அம்புட்டுப் பேரும் இவளத்தான் கேக்குறாளுக.” செல்வராஜ் அண்ணனுக்கு எந்த நேரத்திலும் தோன்றுகிற கேள்வி அப்போதும் தோன்றியது. இதற்கு சர்டிபிகேட் தருவீர்களா என்றார். “சர்டிபிகேட்டா? ஆட்டம் முடிஞ்சா டீயும் வடையும் உண்டுண்ணே” என்றார் பாண்டியம்மா. குனிந்திருந்த பவித்ரா நிமிர்ந்தாள். “சர்டிபிகேட் வேணாம்ப்பா. இவங்க என்னைய வேணும்னு கேக்குறாங்க.” அவர் மகளைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற என்னை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் பாண்டியம்மாவிடம் கேட்டார்: “காலைல எத்தன மணிக்குத் தாயி கொண்டாந்து விடணும்?”

பிள்ளைகளை வீட்டைவிட்டு வெளியே கொண்டுவருவதுதான் என் தொழில். அப்படி வந்த பிள்ளை என் டீமைவிட்டும் வெளியே போய்விடும் என்பதை மட்டும் பி.டி. வாத்தியார் படிப்பில் யாரும் சொல்லித்தரவில்லை.