இறங்காத பால்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். அந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளையின் பக்கத்தில் நின்றவள் நான். எனக்குத் தெரியும்.

யாஷ் நகரத்தில் ஒரு குழந்தைகள் மருத்துவமனை. அறுவைப் பிரிவில் நான் நர்ஸ். அந்தப் பிள்ளை யோனுட் பிறந்தபோதே அவனுடைய உணவுக்குழாய் பாதியில் முடிந்துபோயிருந்தது. டாக்டர் மொல்தோவன் இரண்டு முனைகளையும் இழுத்துத் தைத்தார். மூக்கின் வழியே, தைத்த இடத்தைத் தாண்டி, இரைப்பைக்கு ஒரு மெல்லிய குழாய். அன்று அவனுக்கு முதல் பால்.

கண்ணாடிக்கு வெளியே அவன் அம்மா டோயினா. ஐந்து நாளாகப் பீச்சிய பாலையெல்லாம் தொட்டியில் ஊற்றியவள்.

மாலை 4.10. குழாயில் மாட்டிய சிரிஞ்சின் அழுத்தும் தண்டை உருவிவிட்டு, பாலை ஊற்றி உயர்த்திப் பிடித்தேன். அது தானாக இறங்க வேண்டும்.

இறங்கவில்லை.

குழாயைத் தடவினேன். மடிப்பில்லை. நுனி சரியாக இருக்கிறதா என்று காலையில்தான் பார்த்திருந்தேன். தாழ்த்தினேன், உயர்த்தினேன். கை கடுத்தது. டாக்டருக்குப் போன் செய்தேன். பின்னால் விருந்துச் சத்தம்.

"ஏம்மா, சமையக்கட்டுல நீ புனலே பிடிச்சதில்லையா?" வைத்துவிட்டார்.

டோயினா கண்ணாடியைத் தட்டினாள். மறுபடி தட்டினாள். எரிச்சலில் தண்டைக் கையில் எடுத்தேன். பச்சைத் தையல், அழுத்தக் கூடாது. தெரிந்தும் எடுத்தேன்.

அப்போது பார்த்தேன்.

குழாய் நடுவில் தட்டையாகிக்கொண்டிருந்தது... மெதுவாக... யாரோ இரண்டு விரலால் நசுக்குவதுபோல.

"ப்ச்..."

என் காதருகே.

தண்டு கீழே விழுந்தது.

மறுபடி போன் செய்து அழுதேன். டாக்டர் திட்டிக்கொண்டே வந்தார். எக்ஸ்ரே பார்த்ததும் திட்டுவதை நிறுத்தினார். தையல் ஓரத்தில் விட்டிருந்தது. குழாயின் நுனி அதன் வழியே நெஞ்சுக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. அழுத்தியிருந்தால் பால் முழுக்க அங்கே போயிருக்கும்.

உடனே மறுபடி திறந்து தைத்தார்கள். யோனுட் பிழைத்தான்.

டோயினாவின் கோபம் மட்டும் ஆறவில்லை.

"உங்களைச் சொல்லலை சிஸ்டர். பக்கத்துல நின்னாங்களே, நரைச்ச தலை, அவங்கதான். நீங்க ஊத்த ஊத்த அவங்க குழாயைப் பிடிச்சு நசுக்கிட்டே இருந்தாங்க. நான் தட்டுறேன், திரும்பியே பாக்கலை."

அறையில் என்னைத் தவிர யாரும் இல்லை.

டாக்டரிடம் சொன்னேன். கை கழுவிக்கொண்டிருந்தவர் தண்ணீர்க் குழாயை மூட மறந்தார்.

"நரைச்ச தலைன்னா அது அவரிகா சிஸ்டர்," என்றார். "போன வருஷம் இதே மாதிரி ஒரு பிள்ளைக்குப் பால் இறங்கலை. அழுத்திட்டாங்க. பிள்ளையை அடக்கம் பண்ணின அன்னைக்கே அவங்களும் உயிரை விட்டுட்டாங்க."

அந்த இடம் காலியானதால்தான் எனக்கு இங்கே வேலை கிடைத்தது.