தாமுவின் மூச்சுக்கு ஒரு டப்பா தண்ணீர்

தாமோதரன் போய்விட்டான் என்ற செய்தி தி. நகர் டப்பிங் தியேட்டருக்குப் போனில் வந்தபோது, அவன் நிற்கவேண்டிய மைக்கின் முன்னால் இன்னொருவர் செத்துக்கொண்டிருந்தார். தெலுங்குப் பட வில்லன் மலை உச்சியிலிருந்து விழுகிற காட்சி. சவுண்ட் என்ஜினீயர் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கையை உயர்த்தினார். போனை வைத்துவிட்டு வெளியே வந்து, "தாமு அண்ணன்... ஆஸ்பத்திரியிலயே. ஹார்ட்டாம்" என்றார். மலையிலிருந்து விழுந்த வில்லன் அன்று முழுக்கப் பாதி வழியிலேயே தொங்கினான். மிச்சத்தை விழவைக்க யாருக்கும் மனம் வரவில்லை.

இந்த அஞ்சலிக் கூட்டத்துக்கு வந்திருக்கிற, அவனோடு வேலை செய்த உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. தமிழுக்கு வந்த பக்கத்து மொழி வில்லன்கள் அத்தனை பேரும் அவன் தொண்டைக்குள்தான் குடித்தனம் நடத்தினார்கள். அவன் சிரித்தால் மயிலாப்பூர் குளத்து மீன் படியேறி வரும். ராஜா அண்ணாமலைபுரத்து வீட்டில் இருமினால் அடையாறு பாலத்தில் பஸ் பிரேக் போடும். வாயசைவுக்கு வசனம் எழுதுகிற நான் புளுகித்தான் சாப்பிடுகிறேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவனைப் போலச் சாவதற்கு ஆளில்லை என்பது புளுகல்ல. கத்திக்குத்துக்கு ஒரு விக்கல், விஷத்துக்கு ஒரு இழுப்பு, தூக்குக் கயிற்றுக்கு ஒரு அடைப்பு என்று தனித்தனியாக வைத்திருந்தான்.

நோய் தெரியாமல் போனதும் அதனால்தான். தூக்கத்தில் அவன் மூச்சு அடைத்து நிற்கும். பிறகு உடம்பே குலுங்க, நீருக்குள்ளிருந்து மேலே வந்தவன்போல இழுக்கும். "தூங்கும்போதும் டப்பிங் பேசிக்கினு கீறாரு அண்ணே" என்று அவன் மனைவி கஸ்தூரி எங்களிடம் சொல்வாள். நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறோம். பகலில் இரண்டு வசனங்களுக்கு நடுவில் நின்றபடியே தூங்கிப்போவான். அதற்கும் சிரித்தோம். கால் வீங்கிய பிறகுதான் ஆழ்வார்பேட்டை டாக்டரிடம் போனான். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று இதயம் களைத்துவிட்டது, இனி முகமூடி வழியாகக் காற்றைத் தள்ளும் மெஷினை மாட்டிக்கொண்டுதான் தூங்கவேண்டும் என்றார் அவர்.

அவன் மச்சான் சிங்கப்பூரிலிருந்து மெஷின் கொண்டுவந்தான். குழாயும் முகமூடியுமாகக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "தும்பிக்கை வெச்ச எமன் நைனா" என்றான் தாமு. மெஷினோடு ஒரு தண்ணீர் டப்பாவும் வந்திருந்தது. அடியில் சின்னதாக ஒரு ஹீட்டர். போகிற காற்றை ஈரமாக்கி வெதுவெதுப்பாக்கித் தருவதற்கு. அதைக் கையில் எடுத்து அவன் சிரித்த சிரிப்பில் தெருநாய்கள் கோபாலபுரத்துக்குக் குடிபெயர்ந்தன. மெட்ராஸில் வந்து காற்றைச் சுடவைப்பதா, இட்லிக்கு ஆவி பிடிக்கச் சொல்வார்களா என்று கேட்டான். டப்பா பரணுக்குப் போயிற்று.

ஒரே வாரத்தில் மூக்கின் உள்தோல் வெடித்து ரத்தம் கசிந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. காலையில் மைக்கின் முன் வாயைத் திறந்தால், ராஜ்யங்களைக் கவிழ்த்த குரல் கிணற்றுத் தவளையாக வந்தது. இரண்டு படங்கள் கை மாறிப்போயின. அப்புறம் அவனே ஒரு வழி கண்டான்: மறுநாள் ரெக்கார்டிங் இருந்தால் முகமூடி கிடையாது. ரெக்கார்டிங் அநேகமாக எல்லா நாளும் இருந்தது. நான் சண்டைக்குப் போனேன். "ராத்திரி மூச்சு, காலைல குரலு. ரெண்டுல ஒண்ணுதான் தருவேன்னுது அந்த மிஷினு. நான் இன்னா பண்ண, சொல்லு" என்றான். அந்த ஒரு தடவை அவன் எந்த வில்லன் குரலிலும் பேசவில்லை.

ஆறேழு மாதம் அப்படியே ஓடியது. மறுபடி கால் வீங்கி டாக்டரிடம் போனபோது நானும் கூட இருந்தேன். தண்ணீர் டப்பா போடுகிறீர்களா என்று கேட்டார் டாக்டர்.

"மெட்ராஸ்ல காத்தே வெந்நி சார். அதுக்கு மேல இன்னா?"

டாக்டர் சிரிக்கவில்லை. "ஏசி போட்டுத்தானே படுக்கறீங்க?"

தாமு தலையாட்டினான். ஏசி அறையின் ஈரத்தையெல்லாம் பிழிந்து வெளியே விட்டுவிடுகிறது, மெஷின் அந்த வறட்டுக் காற்றைத்தான் ராத்திரி முழுக்க உங்கள் மூக்கில் அடித்திருக்கிறது என்று அவர் பொறுமையாக விளக்கினார். வீட்டுக்குள் நுழைந்ததும் தாமு முதலில் பரணைத்தான் காட்டினான்.

டப்பாவைக் கஸ்தூரி பரணிலிருந்து இறக்கிக் கழுவினாள். மருந்துக்கடையிலிருந்து காய்ச்சி வடித்த தண்ணீர் வந்தது. ஹீட்டரின் குமிழை முழுக்கத் திருப்பி வைத்தான், எதிலும் உச்சஸ்தாயிதானே அவன். ஏசியின் குளிரில் அந்த ஆவி குழாய்க்குள்ளேயே தண்ணீராகி மூக்கில் சொட்டியது. "மூக்குக்குள்ள மழை பெய்யுது நைனா" என்று புகார் சொன்னான். கஸ்தூரி குமிழைப் பாதிக்குக் குறைத்தாள். ஏசியின் குளிரையும் தணித்தாள். மெஷினைக் கட்டிலைவிடத் தாழ்வாக ஒரு முக்காலியில் வைத்தாள். தன் கம்பளி சால்வையைக் கிழித்துக் குழாய்க்கு உறை தைத்தாள். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கூட்டி, கொஞ்சம் குறைத்து, ரசத்துக்கு உப்புப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். காலையில் டப்பாவைக் கவிழ்த்துக் காயவைப்பாள். மூக்கு ஆறியது. குரல் வந்தது. முகமூடி ஒரு ராத்திரிகூட ஆணியில் தொங்கவில்லை.

அப்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனேன். கஸ்தூரி வாயில் விரலை வைத்து உள்ளே கூப்பிட்டாள். முகமூடியோடு தூங்கிக்கொண்டிருந்தான். குறட்டை இல்லை, அடைப்பு இல்லை. கட்டில் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தவள் தணிந்த குரலில் சொன்னாள்: "டாக்டர் சொன்னதுலேருந்து தெனம் முழிச்சிக்கினு எண்ணுவேண்ணே. மூச்சு நின்னுச்சுன்னா ஒண்ணு, ரெண்டுன்னு. இன்னிக்கி எண்ணல."

கெட்டுப்போன இதயத்தைத் தண்ணீர் டப்பாவால் திருப்பித் தரமுடியாது என்று டாக்டர் டப்பாவைப் பற்றிக் கேட்ட அன்றே என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தார். அந்தத் தூக்கம் அவனுக்கு ஒரு மழைக்காலம் முடியும்வரை கிடைத்தது. முதல் வாரத்திலேயே கிடைத்திருக்கவேண்டியது.

அவனுடைய சாவுகளை நீங்கள் எந்தக் கொட்டகையிலும் கேட்டுக்கொள்ளலாம், ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. எனக்கு அவை வேண்டாம். மெஷினின் மெல்லிய சீறல், ஏறி இறங்கும் அந்தப் பெரிய மார்பு, பக்கத்தில் எதையும் எண்ணாமல் உட்கார்ந்திருந்த கஸ்தூரி. இவ்வளவை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன்.