சகாயம் கை காட்டாத இரண்டரை மணி நேரம்

சகாயம் இறந்துபோன செய்தி எனக்குக் கையசைவில்தான் வந்தது. அன்று காலை யார்டில் ஒரு இரும்புத் தூணை இறக்கி வைத்துக் கொக்கியைக் கழற்றியிருந்தோம். நான் கிரேன் கேபினில் இருந்தேன். கீழே நின்ற சிக்னல்காரர் செல்போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டினார். நிறுத்து என்று அர்த்தம். பிறகு கழுத்தருகே கையை இழுத்துக் காட்டினார். என்ஜினை அணை. "வேலை நேரத்துல இன்னாய்யா போனு?" என்று கத்திக்கொண்டே இறங்கினேன். அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, சகாயம் அண்ணன் பூட்டாருண்ணே. பூசைக்குக் கெளம்பிக்கினு இருந்தாராம். செருப்பு மாட்டக் குனிஞ்சவரு அப்டியே சாஞ்சிட்டாராம்."

நான் அந்த மனிதரைத்தான் திட்டினேன். "எவன் சொன்னான்? நேத்துகூட போன்ல என்னைத் திட்னான்யா அவன்!" ராயபுரத்தில் கோவில் திருவிழா என்று சகாயம் நான்கு நாள் லீவு போட்டிருந்தான். அந்த நான்கு நாளுக்கு மாற்றாக வந்தவர் இவர். பாவம், அவர் என்ன செய்வார்? நான் திட்டி முடிக்கும்வரை தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

எங்கள் தொழிற்சங்க மலரில் ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். இறந்தவரை 'அவர்' என்று எழுதுவதுதான் மரியாதை, தெரியும். பதினெட்டு வருடம் வாடா போடா என்று பேசிய வாய், இப்போது மாறமாட்டேன் என்கிறது. இதை அவனே படித்திருந்தாலும், "இன்னாடா பாண்டு, யாரைப் பத்தி எழுதிக்கினு கீற?" என்றுதான் கேட்டிருப்பான். அவனைத் தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். திருவொற்றியூரில் எங்கள் யார்டில் நான் கிரேன் ஓட்டுகிறேன். சகாயம் எனக்குச் சிக்னல்காரன். கேபினில் இருப்பவனுக்குக் கீழே நடப்பது பாதி தெரியாது. சிக்னல்காரன் கை காட்டினால்தான் தூக்க வேண்டும், இறக்க வேண்டும். அவன் கை அசையாவிட்டால் கிரேனும் அசையக் கூடாது. "என் மூஞ்சியப் பாக்காத, கையப் பாரு" என்பான். மூஞ்சியைப் பார்த்தால் சண்டைதான் வரும். கையைப் பார்த்து வேலை செய்ததால் எங்களிடம் ஒரு ஆளுக்குக்கூடக் காயம் பட்டதில்லை.

நான் சொல்ல வந்தது அணில் குட்டி விஷயம். யார்டில் எல்லோருக்கும் அது தெரியும். ஆனால் உங்களுக்குத் தெரிந்தது முழுதும் உண்மையல்ல.

மூன்று வருடத்துக்கு முன்பு, ஒரு பங்குனி மாதம். கிரேன் ரிப்பேராகி, பாகம் வருவதற்காக மூன்று வாரம் சும்மா நின்றது. பாகம் வந்து மாட்டியாயிற்று. அதே காலை மணலி ஆலை ஒன்றுக்குப் போக வேண்டிய பெரிய டேங்க், எங்கள் யார்டில் இறக்குவதற்காக ட்ரெய்லரில் வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. எண்ணூர் சாலையில் பின்னால் லாரிகள் ஹாரன் அடித்துக் காதைக் கிழித்தன. கிரேனை எடுக்கும் முன் மேலே ஏறி, அதன் நீண்ட கையை நுனிவரை பார்க்க வேண்டும். அந்தக் கையை நாங்கள் பூம் என்போம். நுனியில் கயிறு ஓடும் புல்லி இருக்கும். பார்த்தாயிற்று என்று ஒரு தாளில் டிக் போட்டு நான் கையெழுத்துப் போட, அதன் கீழே சகாயம் போடுவான். "பாத்தியா?" என்று கேட்டான். "பாத்தேன்" என்றேன். நான் பார்க்கவில்லை. வெயிலுக்குச் சோம்பல்பட்டுக் கீழே நின்றபடியே டிக் போட்டிருந்தேன்.

பூமை இரண்டு ஆள் உயரம் தூக்கி, கயிற்றை ஓடவிட்டேன். புல்லி ஒரு சுற்றுச் சுற்றியது. சகாயத்தின் இரண்டு கைகளும் விரிந்தன. நிறுத்து! நான் நிறுத்தி எட்டிப் பார்த்தேன். தேங்காய் நாரும் நூலுமாக ஒரு பொதி மணலில் விழுந்து கிடந்தது. பூமின் மேலே ஒரு அணில், வாலைத் தூக்கித் தூக்கி அடித்துக்கொண்டு கத்தியது.

இரண்டு குட்டிகள். ஒன்று அங்கேயே போய்விட்டது. சகாயம் அதன் மேல் மணலைத் தள்ளிவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டான். இன்னொன்று உயிரோடு இருந்தது. கண் திறக்கவில்லை, உடம்பில் முடி சரியாக முளைக்கவில்லை, முதுகில் கோடு மட்டும் லேசாகத் தெரிந்தது. மதில் மேல் நான்கு காக்கைகள் வந்து உட்கார்ந்துவிட்டன. நான் ஓடிப்போய்க் கேபினிலிருந்து மெஷின் துடைக்கிற நூல் கழிவு, பனியன் வேஸ்ட் என்போம், அதில் ஒரு கைப்பிடி எடுத்துவந்து குட்டியை அதில் சுற்றினேன். விழுந்த கூட்டிலேயே அந்த வேஸ்ட் நூல் இருந்ததே, அதற்குப் பழக்கமானதுதானே என்று என் அறிவு சொன்னது. சகாயம் மூக்கை அருகில் கொண்டுபோனான். "அட பேமானி! டீசல் தொடச்ச வேஸ்ட்டுடா இது! புள்ளைய டீசல்ல முக்கி வச்சிகிற நீ!"

வாங்கி, கையில் வைத்துக்கொண்டான். கீழே ஒரு உள்ளங்கை, மேலே மூடினாற்போல் இன்னொன்று. என்னிடம் போனை எடுக்கச் சொன்னான். அவன் மகள் ரோஸி, அடிபட்ட பறவை, விலங்குகளைக் காப்பாற்றும் ஒரு குழுவோடு ஞாயிற்றுக்கிழமைகளில் போய்வருகிறவள். அவளை அழைத்தேன். "பால் குடுத்துடாதப்பா, வயிறு ஊதி செத்துடும். தண்ணியும் வாணாம். மொதல்ல சூடு பண்ணு. ஒடம்புல கீற டீசல வெந்நில நனைச்ச துணியால தொடச்சி, ஒடனே காய வைய்யி. அப்பறம் வுழுந்த எடத்துலயே ஒரு பொட்டில வச்சிட்டு எல்லாரும் தள்ளிப் போய்டுங்க. அம்மா வந்து தூக்கிக்கினு போவும். ஆனா சத்தமே இருக்கக் கூடாது." குட்டிக்கென்று நான் டீக்கடைக்கு ஓடிப்போய் வாங்கிவந்திருந்த பாலை அப்படியே கொட்டினேன். அது மட்டும் அதன் வாய்க்குள் போயிருந்தால்?

சகாயம் கைக்குட்டையை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, ஒரு விரலால் துடைத்தான். நூறு டன் சுமையைச் சுண்டுவிரல் அசைவில் நகர்த்துகிறவன் அவன். அன்று அந்த விரல் தயங்கித் தயங்கி நகர்ந்தது. தண்ணீர் பாட்டிலில் வெந்நீர் நிரப்பித் துணி சுற்றி, கையுறை வந்த அட்டைப்பெட்டிக்குள் வைத்து, பக்கத்தில் குட்டியைக் கிடத்தினான். நாங்கள் ட்ரெய்லர் டயருக்குப் பின்னால் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தோம். காக்கை இறங்கினால் விரட்ட நான் சின்னச் சின்ன ஜல்லியாகப் பொறுக்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் மேனேஜர் வந்தார். "என்னய்யா நடக்குது இங்க? ரோட்டை அடைச்சுக்கிட்டு வண்டி நிக்குது. போலீஸ் ரெண்டு தடவை வந்துட்டுப் போயாச்சு. கை காட்டு!" சகாயம் எழுந்தான். இரண்டு கைகளையும் பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். "கொஞ்ச நேரம் சார். புள்ளையத் தாயி தூக்கிக்கட்டும்."

"அணிலுக்காக டேங்க் காத்திருக்கணுமா?"

"டேங்குக்கு உசுரு இல்ல சார். அது காத்துக்கினு கெடக்கும்."

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "பாண்டு, நீ ஏறு. நானே கை காட்றேன்." நான் ஏறினேன். ஆம், ஏறினேன். அதையும் மறைக்கமாட்டேன். கேபினில் உட்கார்ந்து சாவியைத் தொட்டேன். கீழே சகாயம் என்னைப் பார்த்தபடி நின்றான். என்ஜின் ஓடினால் தாய் அணில் இந்தப் பக்கமே வராது என்று எங்கள் இருவருக்கும் தெரியும். பாக்கெட்டிலிருந்து கையை எடுக்கவே இல்லை. எனக்கு எரிச்சலாக வந்தது. வாயால் ஒரு வார்த்தை திட்டித் தொலைத்தால் நான் சண்டை போட்டுவிட்டு வண்டியைக் கிளப்பியிருப்பேன். "பேட்டரி டவுன் சார், ஸ்டார்ட் ஆவ மாட்டேங்குது" என்று கத்தினேன். ரிப்பேரிலிருந்து வந்த வண்டி என்பதால் மேனேஜர் நம்பினார். என் வாழ்க்கையில் உருப்படியாக நான் சொன்ன ஒரே பொய் அது.

எலக்ட்ரீஷியன் கொருக்குப்பேட்டையிலிருந்து வர வேண்டும். ரயில்வே கேட்டில் மாட்டினால் ஒரு மணி நேரம். அதுதான் எங்களுக்குக் கிடைத்த நேரம். மேனேஜர் ஆபீசுக்குப் போனதும் நான் இறங்கிவந்து, சகாயத்தோடு மறுபடியும் ட்ரெய்லர் டயருக்குப் பின்னால் உட்கார்ந்தேன்.

தாய் இறங்கி வந்தது. பூமில் தலைகீழாக ஓடிவந்து, கிரேன் டயரில் தாவி, மணலில் நின்று, பெட்டியின் விளிம்பில் ஏறியது. உள்ளே மூக்கை நீட்டியது. சட்டென்று விலகி ஓடி மேலே போய்விட்டது. சிறிது நேரம் கழித்து மறுபடியும் வந்தது. மறுபடியும் மோந்துவிட்டு ஓடியது. டீசல் வாடை. என் கையால் நான் பூசிவிட்ட வாடை. "டேய் சகாயம், நான்தான்டா கொன்னுட்டேன்" என்று அழுதுவிட்டேன். ஐம்பது வயது ஆள், ட்ரெய்லர் டயருக்குப் பின்னால் உட்கார்ந்து அழுகிறேன்.

"மூடு வாய. அழுதா சத்தம் கேக்கும்" என்றான். தவழ்ந்தபடியே போய், விழுந்து சிதறிய கூட்டின் நார் முழுவதையும் மணலிலிருந்து பொறுக்கினான். அந்த நாரால் குட்டியின் உடம்பை மெல்லத் தேய்த்தான். மிச்சத்தைப் பெட்டிக்குள் விரித்து, அதன்மேல் குட்டியை வைத்துவிட்டுத் தவழ்ந்தே திரும்பி வந்தான். வெயில் உச்சிக்கு ஏறியது. ஒரு காக்கை மதிலிலிருந்து இறங்கி மணலில் நடக்கத் தொடங்கியது. கல்லெறிந்தால் தாய் மிரளும். எறியாவிட்டால் காக்கை தூக்கிவிடும். ஜல்லியைக் கையில் இறுக்கிக்கொண்டு நான் சகாயத்தைப் பார்த்தேன். அவன் உள்ளங்கையைத் தாழ்த்திக் காட்டினான். பொறு.

காக்கை பெட்டிக்கு நான்கு அடி தூரத்தில் இருக்கும்போது தாய் பாய்ந்து வந்தது. காக்கை துள்ளி விலகியது. தாய் பெட்டிக்குள் குதித்தது. எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. பெட்டி லேசாக ஆடியது. பிறகு விளிம்பில் அதன் தலை தெரிந்தது. வாயில் குட்டி! அது தாயின் கழுத்தைச் சுற்றி வளையம்போல் சுருண்டிருந்தது. மணலைக் கடந்து, மதிலோரப் பூவரச மரத்தில் ஏறி, இலைக்குள் மறைந்துபோனது. சகாயம் அப்போதுதான் என் முதுகில் ஓங்கி ஒரு அறை விட்டான். "போய் ஸ்டார்ட் பண்ணுடா, பேட்டரி ஏறிட்சி!"

என் டிக்கையும் பேட்டரிப் பொய்யையும் தவிர, இதுவரை எல்லோருக்கும் தெரிந்த கதைதான். இரண்டரை மணி நேர வேலை நின்றதற்கு விளக்கம் கேட்டார்கள். பூமில் கூடு இருந்தது சோதனையில் ஏன் தெரியவில்லை என்று கேட்டார்கள். "மேலே பார்க்க வேண்டியது என் பொறுப்பு. நான் சரியாகப் பார்க்கவில்லை" என்று சகாயம் எழுதிக் கொடுத்தான். மூன்று மாதம் அவனைக் கேட்டில் உட்காரவைத்து லாரி நம்பர் எழுதச் சொன்னார்கள். எத்தனை பேர் அவனைக் கேலி செய்தீர்கள், "அணிலுக்குச் சிக்னல் போட்டவன்" என்று! அந்தத் தாளில் பொய் டிக் போட்டது நான். லைசென்ஸ் போய்விடும் என்ற பயத்தில் வாயைத் திறக்கவில்லை. ஒரு நாள் கேட்டுக்கு டீ வாங்கிக்கொண்டு போய், "சகாயம், அன்னிக்கு நான்..." என்று ஆரம்பித்தேன். "வுடு நைனா. கேட்டுல நெழலு கீது" என்றான். அதற்குமேல் என்னைப் பேச விடவில்லை.

மூன்று மாதம் கழித்துத் திரும்பி வந்த முதல் நாள், தாளை வாங்கிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தான். "ஏறிப் பாத்தியா?" என்று கேட்டான். அதற்குப் பிறகு கடைசிவரை அப்படித்தான் கேட்டான். எனக்கு அவன் கொடுத்த தண்டனை அந்த ஒரு வார்த்தைதான். அன்றிலிருந்து ஒரு நாள் தவறாமல் ஏறினேன்.

கல்லறைத் தோட்டத்தில் பெட்டியைக் கயிற்றில் இறக்கும்போது ஒரு பக்கம் தளர்ந்து, தலைப்பக்கம் சரிந்தது. "அய்யோ, அப்பா!" என்று ரோஸி அலறினாள். நான் எப்போது குழியின் முன்னால் போய் நின்றேன் என்று தெரியாது. வலது கை நீண்டு, விரல் கீழே பார்த்து, சின்னதாக வட்டம் போட்டது. அதன் மேல் இடது உள்ளங்கையை மூடினாற்போல் அசையாமல் பிடித்திருந்தேன். மெல்ல இறக்கு என்று அர்த்தம். கயிறு பிடித்தவர்கள் நம் யார்டுக்காரர்கள். அழுதுகொண்டே என் கையைப் பார்த்தார்கள். பெட்டி நேராகி, அசங்காமல் போய்த் தரை தொட்டது. பதினெட்டு வருடத்தில் அவனுக்கு நான் கை காட்டியது அந்த ஒரு முறைதான். முடிந்ததும் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

அவனிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அந்தக் கேள்வியைத்தான். மறுநாள் காலை, மாற்றாக வந்திருந்த சிக்னல்காரர் தாளையும் பேனாவையும் நீட்டினார். அவர் எதுவும் கேட்கவில்லை. நான் தாளை வாங்காமல் ஏணியைப் பிடித்து, புல்லிவரை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். வியர்வையைத் துடைத்துக்கொண்டு அவரிடம் நானாகவே சொன்னேன்.

"ஏறிப் பாத்தேன்."