மேற்குப் பார்த்த கண்ணாடி

உருகிய மெழுகின் மணம் மூக்கில் ஏறினால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான் வரும். பண்டத்தரிப்பில் நாங்கள் புது வீடு குடிபுகுந்த முதல் சித்திரையில், என் கலர்க் குச்சிகளெல்லாம் மேசையில் இருந்தபடியே உருகி ஒன்றாய் ஒட்டிக்கொண்டன. பக்கத்தில் அடுப்பு இல்லை. மேற்குச் சுவர் முழுவதையும் விழுங்கி நின்ற கண்ணாடிதான் அடுப்பு.

அது நோர்வேயிலிருந்து வந்த யோசனை. அப்பாவின் அக்காவான மாமி தொலைபேசியில், "தம்பி, வீட்டுக்குள்ளை பின்னேர வெயில் விழவேணும். இஞ்சை ஒரு சொட்டு வெயிலுக்கு நாங்கள் படுற பாடு உனக்குத் தெரியாது" என்பார். சூரியன் சாய்ந்து கிடந்து எட்டிப் பார்க்கும் ஊரின் நியாயத்தை, அது உச்சந்தலையில் ஏறி நிற்கும் ஊருக்குப் பொருத்துகிறோமே என்று அம்மாவைத் தவிர எவருக்கும் உறைக்கவில்லை. வெளிநாட்டிலிருந்து சொன்னால் எங்களுக்கு அது வேதவாக்கு. மேற்கே நின்ற வேம்பு வெயிலை மறைக்குமாம், அதையும் தறிக்கச் சொன்னார். சமையல் முடிந்து அம்மா பாயை விரித்துச் சரிகிற ஒரே இடம் அந்த நிழல்தான்.

"அங்கை வெயில் விருந்தாளி, இஞ்சை அது வீட்டுக்காரன். அதுக்கேன் இன்னொரு வாசல்?" என்று அம்மா தலைகீழாய் நின்று பார்த்தார். "அக்கா விஷயம் தெரியாமல் கதைப்பாவே?" என்றார் அப்பா. மரம் விழுந்தது.

பிறகென்ன, பின்னேரங்களில் அந்த அறைக்குள் கால் வைக்க முடியாது. கடைசியில் அப்பாவே வேலி அடைக்க வாங்கிய, தென்னோலையில் பின்னிய கிடுகுகளை எடுத்துக் கண்ணாடிக்கு வெளியே கட்டித் தொங்கவிட்டார். சன்னலுக்கு வேலி அடைத்த குடும்பம் ஊரிலேயே நாங்கள்தான்.

நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த மாமி கிடுகைக் கண்டு முகம் சுளித்து, உடனே அவிழ்க்கச் சொன்னார். அன்று பின்னேரமே வியர்த்து விறுவிறுத்து, பாயும் கையுமாய் வெளியே வந்து நின்று, வளவைச் சுற்றிப் பார்த்தார்.

"எங்கை அந்த வேம்பு? அதுக்குக் கீழை படுக்கவெண்டுதானே இவ்வளவு தூரம் வந்தனான்!"

"உங்கடை கண்ணாடிக்கு வெயில் வேணுமெண்டு நீங்கள்தானே மச்சாள் தறிக்கச் சொன்னீங்கள்" என்றார் அம்மா. மாமி பாயைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

இப்போது நான் பள்ளிக்கூடத்தில் காலநிலை வலயங்களைப் படிப்பிக்கிறேன். ஒரே சூரியன்தான், ஆனால் எல்லா ஊரிலும் ஒரே மாதிரி விழாது என்று தொண்டை வற்றக் கத்துகிறேன். பிள்ளைகள் எழுதிக்கொள்கிறார்கள். வீடு திரும்பும் ஒழுங்கையின் இரு பக்கமும் நின்ற வேம்புகளில் ஒன்றுகூட இல்லை. கனடாவும் இலண்டனும் சொன்ன கண்ணாடிகள்தான் கண்ணைக் குத்துகின்றன. மாமி இன்றைக்கும் தொலைபேசியில் பேசத் தொடங்கினால், "அங்கை நல்ல வெயிலோ?" என்றுதான் கேட்பார். "ஓம் மச்சாள், வீடு நிறைய" என்று சொல்லிவிட்டு, அம்மா கதிரையைத் தூக்கிக்கொண்டு கிழக்குச் சுவரோரம் நிழல் தேடிப் போகிறார்.