என் கல்யாணப் பானையை உடைத்தவர்

என் கல்யாணத்தன்று விருந்துப் பானையை உடைத்த மனிதரைப் பற்றிச் சொல்லப் போகிறேன். திட்டுவேன் என்று எதிர்பார்க்காதீர்கள். திட்ட வேண்டியதையெல்லாம் அன்றைக்கே திட்டித் தீர்த்துவிட்டேன்.

யோயெசேர் எங்கள் ஊரில் பறவை பிடிப்பவர். கலிலேயாவின் சதுப்பு ஏரியை ஒட்டிய ஊர் எங்களுடையது; பருவம் மாறினால் வானம் கொள்ளாமல் பறவைகள் வந்திறங்கும். எந்தப் பறவைகளைத் தின்றால் தீட்டு என்று யூதர்களான எங்களுக்கு மோசேயின் சட்டம் பெயர் சொல்லி வைத்திருக்கிறது. ஆனால் எந்தப் பறவை தன் பெயரை நெற்றியில் எழுதிக்கொண்டு வருகிறது? கழுகையும் காகத்தையும் குழந்தைக்குக்கூடத் தெரியும். மற்றதற்கெல்லாம் யோயெசேர்தான். முற்றத்தில் ஒரு கயிறு கட்டியிருப்பார். பிடித்த பறவையை அதில் உட்கார வைப்பார். முன்னே இரண்டு விரல், பின்னே இரண்டு விரல் என்று கயிற்றைப் பற்றினால் தீட்டு. எறிந்த இரையை அந்தரத்திலேயே கவ்வினாலும் தீட்டு. பிடுங்கித் தின்னும் பறவையைத் தின்றால் அந்தக் குணம் நமக்கும் ஒட்டிக்கொள்ளும் என்பார்கள். அவர் "சுத்தம்" என்று ஒரு சொல் சொன்னால் ஊரே தின்னும். பறவை பிடிப்பவரின் வாக்கை நம்பலாம் என்பது எங்கள் அறிஞர்கள் செய்த ஏற்பாடு.

கல்யாணத்துக்கு நாற்பது பறவை கொண்டுவந்து கொடுத்தார். இறகு பிடுங்கி, கால் வெட்டி, அவர் மனைவி சுத்தம் செய்து தந்தது. பெரிய மண்பானையில் வெங்காயத்தோடு கொதித்துக்கொண்டிருந்தது. பந்தி உட்கார்ந்துவிட்டது. அப்போதுதான் மனிதர் மூச்சிரைக்க ஓடி வந்தார். உள்ளங்கையில் இரண்டு குட்டிக் கால்கள்.

"யாரும் வாயில வைக்காதீங்க! குப்பையில இது கெடந்துச்சு. ரெண்டுக்கு ரெண்டு விரல். குயிலு. கயித்துல வைக்காம ஒண்ணை விட்டுட்டேன்."

"நாப்பதுல எது குயிலு?" என்று என் மாமியார் ஷப்பீரா கேட்டாள்.

"தெரியலையே, அக்கா. எல்லாம் ஒரே பானையில வெந்துபோச்சு."

மண்பானையைக் கழுவினால் தீராது, உடைக்கத்தான் வேண்டும். அவரே உடைத்தார். மணம் வீசிய குழம்பு மண்ணில் ஓடியது. "உன் கண்ணைக் கழுகு கொத்த! எங்க மானத்தை வாங்கத்தான் வந்தியா?" என்று ஷப்பீரா கத்தினாள். நான் மணமகள் என்பதையும் மறந்து அவளுக்கு மேலே கத்தினேன். அன்று எங்களுக்கு ரொட்டியும் அவரைப் பருப்பும்தான் விருந்து. மூன்று கிராமம் சிரித்தது.

இத்தனைக்கும் அவர் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. இது அன்றைக்கு எனக்கு உறைக்கவே இல்லை. அதற்குப் பிறகு அவர் கால் வெட்டிய பறவையை விற்கவே மாட்டார். வாங்குகிறவள் கையில் காலை விரித்துக் காட்டிவிட்டுத்தான் கொடுப்பார்.

என் மாமியாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். மனதுக்குள் அவளுக்கு நாரை என்று பெயர் வைத்திருந்தேன். நாரை தன் கூட்டத்துக்கு மட்டும்தான் ஊட்டுமாம், அதனால்தான் சட்டம் அதைத் தீட்டுப் பறவைகளோடு சேர்த்திருக்கிறதாம். ஷப்பீராவும் அப்படித்தான். தன் வீட்டுக்கு அள்ளி வைப்பாள், அடுத்த வீட்டுக்கு உப்புக்கல் கூடத் தரமாட்டாள்.

கல்யாணமாகி நான்காம் வருஷம் மழை பொய்த்தது. அடுத்த வருஷமும் பொய்த்தது. என் மகள் பிறந்து நான்கு மாதம். எனக்குப் பால் வற்றிவிட்டது. பிள்ளை அழக்கூடத் தெம்பில்லாமல் முனகிக்கொண்டு கிடந்தாள். அப்போதுதான் ஒரு சாயங்காலம், காய்ந்துபோன சதுப்பில், கிழக்கிலிருந்து புழுதிக்காற்று தள்ளிக்கொண்டு வந்த பறவைகள் நூற்றுக்கணக்கில் விழுந்தன. மண் நிறம், தடித்த கழுத்து. நாங்கள் யாரும் கண்டதில்லை. களைப்பில் கையால் பிடிக்கலாம் போலக் கிடந்தன. ஆனால் விடிந்தால் பறந்துவிடும். கேட்டுத் தெரிந்துகொள்ள அறிஞர் இருக்கும் ஊர் இரண்டு நாள் நடை.

யோயெசேர் ஒன்றைப் பிடித்துக் கயிற்றில் வைத்தார், இரையை எறிந்தார், சுத்தமான பறவைக்கு இருக்க வேண்டிய தொண்டைப் பையை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து பார்த்தார்.

"சுத்தம். சின்ன வயசுல, இதை எங்கப்பா பிடிச்சுத் தின்னதை நான் பாத்திருக்கேன்."

ஒருவரும் அசையவில்லை. எங்கள் பக்கத்து வீட்டுக்காரன் எள்ளலாகக் கேட்டான்: "கல்யாண வீட்டுலயும் இப்படித்தானே சுத்தம்னு குடுத்தீங்க, அண்ணே?"

நான் பிள்ளையை அணைத்துக்கொண்டு நின்றேன். கூட்டம் கலைய ஆரம்பித்தது. அப்போது ஷப்பீரா முன்னால் வந்தாள்.

"ஏன்டா, அது குயிலுன்னு உனக்கு யார் சொன்னா? இந்த ஆளுதானே ஓடி வந்து சொன்னாரு! தன் தப்பைத் தானே ஊரு கேக்கச் சொன்னவரு வாயில பொய் வருமா? பிடிங்கடா, விடியறதுக்குள்ள!"

ஊரே சதுப்பில் இறங்கியது. முதல் சாறு எனக்குக் கிடைத்தது. மூன்றாம் நாள் பால் சுரந்தது. என் மகள் வாய் வைத்து இழுத்தபோது நான் ஓவென்று அழுதேன். ஷப்பீரா இரண்டு பறவையைத் துணியில் சுற்றி, கிண்டல் செய்தவனின் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தாள். அன்றோடு அவளை நாரை என்று நினைப்பதை விட்டுவிட்டேன்.

அந்த மகளுக்கு இப்போது பதினெட்டு வயது. போன மாரியில் யோயெசேர் படுக்கையில் விழுந்தார். இரண்டு கண்ணும் போய்விட்டது, மனைவியும் முன்பே போய்விட்டாள். நான் சந்தையில் ஒரு பறவை வாங்கிச் சாறு வைத்து எடுத்துக்கொண்டு போனேன். பழக்கத்தை விடாமல் அதன் காலையும் தனியாக எடுத்துப்போயிருந்தேன்.

"இது யாரு பாத்த பறவை?" என்று கேட்டார்.

"நான்தான் பாத்தேன், அண்ணே. காலைக் கொண்டாந்திருக்கேன். தடவிப் பாருங்க."

கையை நீட்டினார். நான் காலை வைக்கப் போனேன். அவர் அதைத் தள்ளிவிட்டுக் கிண்ணத்தைத் தேடினார்.

"அது எதுக்கும்மா? நீ சொல்லிட்டேல்ல."

முழுவதும் குடித்தார்.