குழாயடியில் நின்ற பெண்

வலி இல்லை. அதுதான் முதல் அறிகுறி. நெல் மூட்டை இறக்கிவிட்டு வீட்டுக்குள் நடந்தேன். என் மனைவி மல்லிகா தரையைப் பார்த்துக் கத்தினாள். வாசலில் இருந்து அடுப்படி வரை ரத்தத்தில் என் கால் தடம். செருப்பைத் துளைத்து ஆணி பாதத்தில் ஏறியிருந்தது. எனக்குத் தெரியவே இல்லை.

சர்க்கரை நோய் இருந்தும் தெரியாமல் திரிந்திருக்கிறேன். அதனால் நியூரோபதி (நரம்பு மரத்து, வலி தெரியாமல் போவது). நாலே நாளில் செல்லுலைட்டிஸ் (தோலுக்கு அடியில் கிருமி பரவி வீங்குவது). ஆஸ்பத்திரி வார்டில் படுக்க வைத்தார்கள். மருத்துவர் சுற்றி வளைக்கவில்லை. புண் ஆறினால் கால் தப்பும், ஆறாவிட்டால் முதலில் விரலை எடுக்க வேண்டும், அப்புறம் பாதத்தை என்றார். மூட்டை தூக்குகிறவனுக்குப் பாதம் போனால் எல்லாம் போச்சு.

கட்டு மாற்ற நர்சிங் படிக்கும் பெண் ஒருத்தி வருவாள். பெயர் ஸ்டெல்லா. நல்ல கை. ஆனால் முதல் நாளே எனக்கு அவளைப் பிடிக்காமல் போனது. கட்டுப் போட்டு முடித்ததும் தலையைத் திருப்பிப் பார்த்தேன். கதவோரக் குழாயடியில் நின்று கையைச் சோப்புப் போட்டு விரல் விரலாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மறுநாளும் அப்படியே.

நான் மானாம்பதிக் காலனிக்காரன். சிறு வயதில் ஊர்த்தெருவில் தண்ணீர் கேட்டால் எங்கள் கைக்கு மேலே சொம்பைத் தூக்கிப் பிடித்து ஊற்றுவார்கள். சொம்பில் எங்கள் விரல் பட்டுவிட்டால் சாம்பல் போட்டுத் தேய்ப்பார்கள். அந்தத் தேய்ப்பு எனக்கு நன்றாகத் தெரியும்.

மூன்றாம் நாள் அவள் கட்டு மாற்ற வந்தபோது, காலை நீட்ட மாட்டேன் என்றேன். ஏன் என்று கேட்டாள்.

"இன்னாம்மா, என்ன தொட்டா உனக்கு ஒட்டிக்குமா? அந்தத் தேய் தேய்க்கிற."

பக்கத்துக் கட்டில் தாத்தா திரும்பிப் பார்த்தார். அவளுக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. புரிந்ததும் முகம் சுருங்கியது. ஆனால் அழவில்லை.

"உங்க புண்ணுல கீற கிருமிய அந்தக் கட்டில் தாத்தாவுக்குக் கொண்டுபோய்டக் கூடாது அண்ணா. அவுரோடத உங்களுக்குக் கொண்டாந்துடக் கூடாது. உங்களத் தொடறதுக்கு முன்னாடியும் கழுவினுதான் வந்தேன்."

"நான் பாக்கலையே."

"குழா உங்க தலமாட்டுக்குப் பின்னாடி கீது. எப்டிப் பாப்பீங்க?"

கட்டிலைத் திருப்பிப் போடச் சொன்னாள். மல்லிகா ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம் பிடித்துத் திருப்பினார்கள். இப்போது குழாய் என் கண்ணுக்கு நேரே. அவள் போய்க் கழுவிவிட்டு, ஈரக் கையைத் தூக்கிக் காட்டிக்கொண்டே வந்தாள். நான் காலை நீட்டினேன்.

நர்சிங் படிக்கும் பிள்ளைகளே, கையைக் கழுவுங்கள். அது பாதி வேலைதான். ஏன் கழுவுகிறீர்கள் என்று வாயைத் திறந்து சொல்லுங்கள். படுத்திருப்பவன் எதை எதையெல்லாம் பட்டு அங்கே வந்திருக்கிறான் என்று உங்களுக்குத் தெரியாது. சொல்லாததால் அவன் கட்டை அவிழ்க்க விடாமல் போனால், அந்தப் புண் உங்கள் கணக்கில்தான்.

அதற்கப்புறம் எனக்குப் பொழுது நன்றாகப் போனது. குழாயைப் பார்த்தபடி படுத்திருப்பவனுக்கு வேறென்ன வேலை? பார்க்க வந்த மச்சானைக் கை கழுவாமல் கட்டிலைத் தொட விடவில்லை. மருத்துவர் அவசரமாக வந்து காலில் இருந்த கட்டின் மேல் கை வைக்கப் போனார். காலை இழுத்துக்கொண்டேன்.

"சார், கை."

அவர் சிரித்துக்கொண்டே குழாய்க்குப் போனார்.

"இன்னாய்யா, டாக்டருக்கே மேஸ்திரி ஆய்ட்டியா?" என்று மல்லிகா தலையில் அடித்துக்கொண்டாள். ஸ்டெல்லா வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள்.

புண்ணின் ஓரத்தில் சிவப்பாகப் புதுச் சதை வந்தது. விரல் ஐந்தும் இருக்கிறது. மூட்டை தூக்கவும் ஆரம்பித்துவிட்டேன், மூடிய செருப்புப் போட்டு.

முன்பெல்லாம் பொழுது சாய்ந்தால் வேலை முடிந்தது என்று அர்த்தம். இப்போது பொழுது சாய்ந்தால் கால் பார்க்கும் நேரம். வலி சொல்லாததைக் கண்தான் சொல்ல வேண்டும். சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியைத் தரையில் வைத்து, பாதத்தைத் தூக்கி, வெடிப்பு வெடிப்பாகப் பார்க்கிறேன். இத்தனை வருடம் என்னைச் சுமந்த கால். இப்போதுதான் முகம் பார்க்கிறேன்.

அதற்கு முன் சோப்புப் போட்டு விரல் விரலாகத் தேய்க்கிறேன்.

"உன் கால நீயே தொடறதுக்கு இவ்ளோ தேய்ப்பா?" என்கிறாள் மல்லிகா.

ஈரக் கையைத் தூக்கிக் காட்டுகிறேன்.